எண்ணிக்கை சரியாக இருந்த குப்பிகள்

நான் நர்ஸ் படிப்பு படித்தவள். ஆனாலும் ஆராய்ச்சி வேலையில் இருந்த அந்த நான்கு வருடங்களில் நான் ஊசி போட்டதைவிடப் படிவங்களைப் படித்துக் காட்டியதுதான் அதிகம். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவில், மாடிப்படியை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, எடை பார்க்கிற மிஷின், பூட்டு வைத்த ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பிகள் எண் ஒட்டி அடுக்கியிருக்கும்.

ஆராய்ச்சி இதுதான். முதல் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறிக் குழந்தையை இழந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி கர்ப்பமாகும்போது, மூன்றாம் மாதத்திலிருந்தே தினம் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தால் அந்த அழுத்தம் வராமல் தடுக்க முடியுமா என்று பார்ப்பது. மாத்திரை ஒன்றும் புதிதல்ல. ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தளர்த்துகிற, பல வருடமாக மருந்துக் கடையில் கிடைக்கிற மாத்திரைதான். சேருகிற பெண்களில் பாதிப் பேருக்கு அந்த மருந்து. மீதிப் பேருக்குப் பார்க்க அதேபோல இருக்கிற, உள்ளே மருந்து இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவளுக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, எங்கள் பெரிய டாக்டருக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் வேறு ஊரில் பூட்டி இருந்தது.

நான் மாகறல் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். என் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். எனக்கு முன்னால் இரண்டு குழந்தைகளைப் பெற்று இழந்தவள். ஏன் போயின என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. சர்ச்சில் ஜெபம் பண்ணினார்களாம், அவ்வளவுதான். கால் வீங்கியதையும் கண் இருட்டியதையும் அம்மா கதைபோலச் சொல்வாள். நர்ஸிங் இரண்டாம் வருடத்தில் அந்தப் பாடம் வந்தபோது எனக்கு வகுப்பில் உட்கார முடியவில்லை. அதனால் இந்த வேலை கிடைத்தபோது சம்பளம் குறைவு என்று தெரிந்தும் சேர்ந்தேன். வேலைமேல் எனக்கு ஒரு பக்தியே இருந்தது என்று சொல்லலாம்.

நான் சொல்ல வந்த பெண் எங்கள் அறைக்கு வந்தது ஓர் ஆடி மாதம். காந்தி ரோட்டில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் சேல்ஸ் வேலை. ஆடித் தள்ளுபடி நேரம் என்பதால் லீவு கிடைக்காமல், சாப்பாட்டு வேளையில் கடைச் சீருடையோடு ஓடி வந்திருந்தாள். இருபத்தாறு வயது. முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் போயிருந்தது. இப்போது மூன்றாம் மாதம். கணவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். கூட அவளுடைய தங்கை வந்திருந்தாள். ஏனாத்தூரில் அம்மா வீட்டிலிருந்து காலேஜுக்குப் போகிற பெண். வெளி பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒப்புதல் படிவத்தைப் படித்தேன். ஏழு பக்கம். மற்ற நர்ஸுகள் வேகமாகப் படித்துக் கையெழுத்து வாங்குவார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒவ்வொரு வரியையும் நிறுத்திப் படிப்பேன். இந்தப் பெண்களுக்கு எதையும் மறைக்கக் கூடாது என்பது எனக்கு ஒரு வைராக்கியம். ஐந்தாம் பக்கத்தில் மாத்திரையால் வரக்கூடிய பக்கவிளைவுகள் இருந்தன. ‘சிலருக்கு ரத்தக் கசிவு ஏற்படலாம்’ என்ற வரியைப் படித்துவிட்டு, புரிந்ததா என்று அவளைக் கேட்டேன்.

“ரத்தம்னா எங்கேர்ந்துக்கா?” என்றாள்.

பல் ஈறில், மூக்கில் வரலாம், ரொம்ப அபூர்வம், வந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று விளக்கினேன். கேள்வி கேட்கிற பெண் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். அவள் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். முதல் குப்பியை அவள் கையில் கொடுத்தேன்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவள் வீட்டுக்குப் போய் அழுத்தம் பார்க்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். பக்கத்து வீட்டில் தறி ஓடும். கையில் பட்டை கட்டி ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கிற பழைய மிஷின் என்னுடையது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அவளே எழுந்துபோய்ச் சுவரை இரண்டு தட்டு தட்டுவாள். சத்தம் நிற்கும். நான் பார்த்து முடித்ததும் மறுபடி தட்டுவாள். தறி ஓட ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் இருந்து நெய்கிறவரை நான் பார்த்ததே இல்லை.

முதல் முறை போனபோது கீழ் வீட்டுக்கார அம்மா என்னை வாசலில் நிறுத்தி எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்தார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பதில் சொல்வதற்குள் இவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி, என் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போய்விட்டாள். அதைப்பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள்.

மாதம் ஒரு முறை குப்பியைத் திரும்ப வாங்கி, மிச்சத்தை எண்ணி எழுத வேண்டும். குப்பியில் முப்பது மாத்திரை இருக்கும். இருபத்தெட்டாம் நாள் நான் போவேன். இரண்டு மிச்சம் இருந்தால் சரியாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்று அர்த்தம். வேறு வீடுகளில் பத்து இருக்கும், பதினைந்து இருக்கும், குப்பியே காணாமல் போயிருக்கும். அவளிடம் இரண்டுதான் இருக்கும். ஒரு மாதம் மட்டும் மூன்று இருந்தது. திருத்தணிக்குப் போன அன்று மறந்துவிட்டேன் அக்கா, திட்டாதீங்க என்றாள். அந்த ஒரு மாத்திரைதான் என்னை முழுசாக நம்ப வைத்தது. எங்கள் அறையில் மற்ற நர்ஸுகளிடம் அவளைப்பற்றிச் சொல்வேன், ஒரு பெண் இப்படி ஒழுங்காக இருந்தால் போதும், நம் ஆராய்ச்சி உருப்பட்டுவிடும் என்று.

அழுத்தம் பார்த்த பிறகும் நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கடைக் கதைகள் சொல்வாள். கல்யாணச் சேலை எடுக்க வருகிற குடும்பத்தில் யார் கண்ணைப் பார்த்துப் பேசினால் வியாபாரம் முடியும் என்பது அவளுக்கு முதல் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுமாம். கல்யாணப் பெண்ணைப் பார்க்கக் கூடாதாம். பெண்ணின் அத்தையைப் பார்க்க வேண்டுமாம். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

கார்த்திகை மாதம். நான்கு நாளாக மழை. நான் திருமுக்கூடல் பக்கம் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும், அவளிடமிருந்து போன். நேற்றிலிருந்து தலைவலி விடவில்லை, கடையில் நின்றுகொண்டே இருக்கிறோமே அதனாலா என்று கேட்டாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சேலையின் நிறமே சரியாகத் தெரியவில்லை, எல்லாம் ஜரிகைபோல மினுமினுவென்று இருக்கிறது என்றாள். இந்த நிமிடமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ, நான் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சரி என்றாள்.

நான் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. அவள் வந்திருக்கவில்லை. ஒரு கல்யாணக் கோஷ்டி முகூர்த்தச் சேலை பார்த்துக்கொண்டிருந்ததாம். பாதியில் விட்டுப் போக முடியாது என்று அதை முடித்துக் கொடுத்துவிட்டு மூன்றரைக்கு வந்தாள். முகம் உப்பியிருந்தது. அழுத்தம் பார்த்தேன். நூற்றெழுபதுக்கு மேல் போயிருந்தது. லேபர் வார்டுக்குக் கொண்டு போவதற்குள் ஸ்டிரெச்சரிலேயே வலிப்பு வந்தது. நாக்கு கடிபடாமல் நான்தான் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோகூட இல்லை. மூன்று நாள் இருந்தது. அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில், அவள் கணவனும் அவன் தம்பியும் ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையை எடுத்துப் போனார்கள். பாலாற்றங்கரையில் புதைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவள் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். தாயைப்போலவே நெற்றி.

இப்படி ஏதாவது நடந்தால் ஒரு நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. வலிப்பு வந்த அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று ஒரு கட்டம் இருந்தது. ‘மிக ஒழுங்காக’ என்று எழுதினேன். எழுதும்போது மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான். இவளுக்குப் போனது வெறும் மாத்திரை. தினம் தவறாமல் இவள் வெறும் மாவை விழுங்கியிருக்கிறாள், நானும் மாதாமாதம் எண்ணிப் பார்த்துப் பாராட்டியிருக்கிறேன். அந்த அலமாரியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கடைசி விசிட். பொங்கல் முடிந்திருந்தது. தெருவில் எல்லா வாசலிலும் கோலப்பொடி நிறம் மங்கிக் கிடந்தது, அவர்கள் வாசலில் இல்லை. அவள் இளைத்துப் போயிருந்தாள். அழுத்தம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. சிறுநீரகம் கொஞ்சம் பாதித்திருக்கிறது, இனிமேல் குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதைச் சாதாரணமாகச் சொன்னாள். படிவத்தில் இருந்த கேள்விகளை நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். முடிந்து எழுந்திருக்கும்போது, கொஞ்சம் இருங்கக்கா என்று உள்ளே போய் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். திறந்தால் உள்ளே முழுக்க எங்கள் மாத்திரைகள்.

“இதெல்லாம் நீங்க குடுத்ததுக்கா.”

எனக்கு விளங்கவில்லை. கூடுதலாக யார் கொடுத்தது என்று கேட்டேன்.

“கூடுதல் இல்ல. மொத நாள் ஒண்ணு சாப்ட்டேன். அப்பால பயமா பூடுச்சு. ரத்தம் கசியலாம்னு படிச்சீங்களே. மொதக் கொழந்த போனப்ப பாயெல்லாம் ரத்தம்கா. அதத் தொட்டுதான் நான் முழிச்சேன். மறுபடியும் அப்படி ஆயிடுச்சின்னா இன்னா பண்றது? அதான் தெனம் ஒண்ணு எடுத்து இதுல போட்டுக்கினு இருந்தேன்.”

திருத்தணிக்குப் போன அன்று மறந்த மாத்திரை என்ன ஆனது என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எல்லா மாதமும் சரியாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும் என்று ஒன்றை வேண்டுமென்றே விட்டு வைத்ததாகச் சொன்னாள்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“எப்படிக்கா சொல்றது. அவ்ளோ தூரத்திலேர்ந்து பஸ் ஏறி வந்துக்கினு இருந்தீங்க. எண்ணிப் பாத்ததும் உங்க மூஞ்சில ஒரு சந்தோஷம் வரும். அதக் கெடுக்க மனசு வர்ல.”

நான் அந்த டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வளைவு வரும்போதெல்லாம் உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பிரசவத்தில் சாகிற பெண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தவர். எண்ணிக்கையைத் திருத்தி எழுதச் சொன்னார். ஆனால் கணக்கில் மருந்து, வெறும் மாத்திரை என்ற இரண்டில் அவள் எந்தப் பக்கம் சேர்க்கப்பட்டாளோ அந்தப் பக்கத்திலேயேதான் இருப்பாள் என்றார். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அப்படித்தான், அதுதான் நேர்மையான முறை என்று விளக்கினார். எனக்குப் புரிந்தது. இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை டிபன் பாக்ஸ் இருக்கும் என்று அவரிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவருக்கும் அதே யோசனை ஓடிக்கொண்டிருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அதன் பிறகும் நான் படிவம் படித்தேன். ஐந்தாம் பக்கம் வரும். அந்த வரியை விட முடியாது. வேகமாகப் படித்தால் ஏமாற்றுவது. நிறுத்திப் படித்தால் பயமுறுத்துவது. எதிரில் இருக்கிற பெண் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று நான் அதுவரை தெரிந்துகொண்டதே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஆராய்ச்சி முடிந்தது. மாத்திரை பலன் தந்திருந்தது. எல்லோருக்கும் அல்ல, ஆனால் கணிசமான பேருக்கு அழுத்தம் வராமல் போயிருந்தது, அல்லது தள்ளிப் போயிருந்தது. அறையில் கேக் வெட்டினார்கள். பூட்டியிருந்த பட்டியல் வந்தது. கலந்துகொண்ட பெண்களுக்கு நன்றிக் கடிதம் கொடுக்க வேண்டும், யாராவது தனக்கு எது கிடைத்தது என்று கேட்டால் வாய்வார்த்தையாகச் சொல்லலாம் என்று முடிவானது. நான் அவள் எண்ணைத் தேடிப் பார்த்தேன்.

அவள் குப்பிகளில் இருந்தது மருந்து.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். வழி நெடுக எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உண்மையைத்தான் சொல்லப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்து வைத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எனக்கு வந்தது எதுக்கா?”

வாயைத் திறந்தேன். “வெறும் மாத்திரைதான்மா” என்று வந்தது.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டவர்கள் அதைத் துக்கம் என்று சொல்லமாட்டார்கள். அப்போ நான் சாப்பிட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் இல்லையா அக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். ஒவ்வொரு முறையும் ஆமாம் என்றேன். மறுநாள் அவள் கணவன் போன் பண்ணினான். எத்தனையோ மாதம் கழித்து நேற்றுதான் அவள் நன்றாகச் சாப்பிட்டாள் என்று சொல்லி நன்றி சொன்னான். நான் நல்லது செய்துவிட்டேன் என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

ஆராய்ச்சி முடிந்ததும் என்னைக் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குள் அபாயம் இருக்கிற பெண்களுக்கு அந்த மாத்திரையைச் சாதாரணமாகவே எழுதிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு வருடம் போனது. ஒரு நாள் ஏனாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். முதல் பிரசவம், ஏழாம் மாதம், அழுத்தம் ஏறியிருக்கிறது. கார்டைப் பார்த்தேன். மூன்றாம் மாதத்திலேயே மாத்திரை எழுதியிருந்தார்கள், அக்காவுக்கு இருமுறை இந்தக் கோளாறு என்ற குறிப்போடு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

“இல்ல சிஸ்டர். அக்கா வேணாம்னுச்சு. அது சும்மா மாவு மாத்திரையாம். அதே மாத்திரையத்தான் அக்காவுக்கும் குடுத்து ஏமாத்துனாங்களாம். ஆராய்ச்சி பண்ண சிஸ்டரே வீட்டுக்கு வந்து அக்காகிட்ட ஒத்துக்கினாங்களாம்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அதே நெற்றி. என்னை அவள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வெளி பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்னை எதற்கு நினைவில் வைத்திருக்கப் போகிறாள்.

அவளை வார்டில் சேர்த்துவிட்டுப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். இப்போது மாத்திரையை ஆரம்பித்தால் என்ன என்று கேட்டேன். நான்கு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும், இனிமேல் பலன் இல்லை, அழுத்தத்தைக் கட்டுப்படுத்திப் பிரசவத்தை எத்தனை நாள் தள்ள முடியுமோ தள்ளுவோம் என்றார். பிறகு நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இதை மேலே எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். அப்புறம், முதலில் போய் இவளுடைய அக்காவிடம் உண்மையைச் சொல், இன்னும் எத்தனை பேரிடம் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்றார்.

தங்கை சேர்க்கப்பட்ட செய்தி கேட்டு அவள் ஓடி வருவதற்குள் நானே கடைக்குப் போனேன். கடையின் பின்பக்கம், வேலை செய்கிறவர்கள் சாப்பிடுகிற இடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அங்கே கூட்டிப் போனாள். என்னைப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷம். சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்டு, தன் டப்பாவைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். தங்கையைச் சேர்த்திருப்பதைச் சொன்னேன். பிறகு, அன்றைக்கு நான் சொன்னது பொய், உன்னுடையது மருந்துதான் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதையும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

“சாப்ட்டிருந்தா எம் பொண்ணு இருந்திருக்குமா?” என்றாள்.

“தெரியாதும்மா. இருந்திருக்கலாம். சாப்பிட்டும் போனவங்க இருக்காங்க. ஒருத்தியப் பத்திச் சொல்ல எங்களால முடியாது.”

அது உண்மை. அந்த இடத்தில் எங்கள் நான்கு வருட ஆராய்ச்சியில் எனக்குச் சொல்லக் கிடைத்தது அவ்வளவுதான். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி எடுத்து மூடினாள்.

“அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் ஒருத்திதான அழுதிருப்பேன்” என்றாள். எழுந்து உள்ளே போய் முதலாளியிடம் லீவு கேட்கிற குரல் கேட்டது. நான் பெட்டிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தங்கையை மூன்று வாரம் வார்டில் வைத்துப் பிரசவத்தைத் தள்ளிப்போட்டார்கள். அதற்குமேல் முடியவில்லை. ஆபரேஷன். ஆண் குழந்தை. இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான், பிழைத்தான். தாயும் பிழைத்தாள். அந்த நாட்களில் அக்கா தினமும் வார்டுக்கு வருவாள். தாழ்வாரத்தில் எதிரே வந்தால் நின்று வழிவிடுவாள், வேற்று ஆளுக்கு வழி விடுவதுபோல. ஒரே ஒரு முறை பேசினாள். பிறப்புச் சீட்டு எங்கே தருவார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. மேடம் என்று கூப்பிட்டாள். நான் கவுண்டரைக் காட்டினேன்.

எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். ஆராய்ச்சி வேலையில் இனிச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதை ஒரு தண்டனை என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, எங்களுக்கு யாரும் பொய்கூடச் சொன்னதில்லை என்றாள். அதை ஆறுதலாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இப்போது பையனுக்குப் பத்து மாதம். கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை. குறைமாதத்தில் பிறந்ததால் அப்படி, பயிற்சி கொடுத்தால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் பயிற்சிக்குக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் அக்காவும் தங்கையுமாக வருவார்கள். அக்காதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள், தலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தபடி. நான் அந்த நேரத்தில் வேறு வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவேன்.

போன வாரம் தங்கை மட்டும் வந்தாள். கல்யாண சீசன், அக்காவுக்குக் கடையில் லீவு இல்லை என்றாள். இப்போது அவளுக்கு நான் யார் என்று தெரியும். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஆனாலும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தபோது சுற்றிப் பார்த்தாள், வேறு யாரும் இல்லை.

“கொஞ்சம் புடிங்க சிஸ்டர், கை வலிக்குது” என்று பையனை என்னிடம் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டேன். தலை என் தோளில் கனமாகச் சாய்ந்தது. விழுந்துவிடாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டேன். வாயிலிருந்து வடிந்த எச்சில் என் சட்டைக் காலரை நனைத்தது. அவள் நிதானமாகத் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுத் திரும்பினாள். பையனை அவளிடம் கொடுத்தேன்.